புதுப்பிப்பு: பேஸ்மென்ட் ஃபோம், முடிவெடுத்தாயிற்று

டொராண்டோ ஸ்கார்பரோ வீட்டு பேஸ்மென்ட்டில், மேல்தளத்தைத் தாங்கும் சட்டங்கள் வெளிச்சுவரைத் தொடும் இடத்தில் குளிர் புகாமலிருக்க எந்த ஸ்ப்ரே ஃபோம் (தெளித்ததும் உப்பி இறுகும் நுரை) அடிப்பது, நுண்குமிழிகள் திறந்திருக்கும் ஓப்பன் செல்லா, மூடியிருக்கும் குளோஸ்டு செல்லா என்று முன்பு கேட்டிருந்தேன். குளோஸ்டு செல்லே அடித்தாயிற்று. விலை கிட்டத்தட்ட இருமடங்கு, வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் அங்கே ஆணி முனைகளில் குளிர்காலத்தில் உறைபனி பூத்து, அப்புறம் உருகிச் சொட்டும். ஓப்பன் செல் வீட்டுக் காற்றிலுள்ள நீராவியை ஊடுருவ விட்டுவிடும். அதற்குத் தனியாக நீராவித் தடுப்பு வேண்டும். குளோஸ்டு செல் 2 அங்குலம் இருந்தால் அதுவே தடுப்பு. ஆர் மதிப்பும் (வெப்பம் கடப்பதைத் தடுக்கும் திறன்) அங்குலத்துக்கு 6 அளவில், ஓப்பன் செல்லுக்கு 3.7தான்.

ஃபோம் அடித்த வாடை போகட்டும் என்று அன்றிரவு தங்கச்சி வீட்டில் படுத்தோம். திரும்பி வந்தால் ஒரு மூலையில் மட்டும் மீன் வாடை! ஒரே தடவையில் தடிப்பாக அடித்துவிட்டார்கள் போல, அப்படி அடித்தால் ஃபோம் சரியாக இறுகாமல் இந்த வாடை வரும். வெட்டியெடுத்துத் திரும்ப அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.