தரையில் மூச்சடக்கும் நேரம் ஏறுகிறது, நீரில் ஏறவில்லை: பயிற்சியில் எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். ஃப்ரீடைவிங் (காற்றுக் கலன் இல்லாமல் ஒரே மூச்சில் நீரில் மூழ்குவது) அடிப்படைப் பயிற்சியை முடித்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கடலுக்குச் செல்லும் வாய்ப்பு மாதம் ஒருமுறைதான் அமைவதால், கடந்த பத்து வாரங்களாக வீட்டில் விரிப்பின் மீது படுத்து மூச்சடக்கப் பழகி வருகிறேன். காலையில் கார்பன் டை ஆக்சைடு அட்டவணை: ஒவ்வொரு சுற்றிலும் 1 நிமிடம் 45 நொடி அடக்கம், இடையிலுள்ள ஓய்வு 2 நிமிடத்தில் தொடங்கிச் சுற்றுக்கு 15 நொடி வீதம் குறைந்து, எட்டாவது சுற்றுக்கு முன் வெறும் 30 நொடியாகிவிடும். மாலையில் ஆக்சிஜன் அட்டவணை: ஓய்வு மாறாமல் 2 நிமிடம், அடக்கும் நேரம் மட்டும் கூடிக்கொண்டே போகும். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

தொடங்கியபோது என் உச்ச நேரம் 2 நிமிடம் 10 நொடி. இப்போது 3 நிமிடம் 40 நொடி. உதரவிதானத்தின் முதல் துடிப்பே (மூச்சு விடும் உந்துதலால் அது தானாகச் சுருங்கி இழுப்பது) 2 நிமிடம் 45 நொடிக்குப் பிறகுதான் வருகிறது. உடல் எவ்வளவு தளர்ந்துவிடுகிறது என்றால், அடக்கத் தொடங்குவதற்கு முன்பே விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகின்றன. ஆனால் சென்ற வாரம் நீச்சல் குளத்தில், பயிற்றுநரின் மேற்பார்வையில் முகத்தை நீரில் வைத்து மிதந்தபோது, 1 நிமிடம் 20 நொடியிலேயே துடிப்பு தொடங்கிவிட்டது. 2 நிமிடம் 20 நொடிக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தரையில் சேர்த்த நேரமெல்லாம் நீரில் எங்கே போகிறது? அட்டவணையை இன்னும் கடுமையாக்க வேண்டுமா?

மறுமொழி 1

கடுமையாக்க வேண்டாம். உங்கள் கேள்விக்கான விடை, நீங்கள் தளர்ச்சியின் அடையாளம் என்று குறிப்பிட்டிருக்கும் அந்த மரமரப்பிலேயே இருக்கிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போவது மிகையாக மூச்சு வாங்கியதன் அறிகுறி. நீங்கள் அறிந்தோ அறியாமலோ ஒவ்வொரு அடக்கத்துக்கு முன்பும் ஆழமாகவும் அடிக்கடியும் சுவாசித்து, இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிடுகிறீர்கள் என்றே தோன்றுகிறது. குளத்தில் பயிற்றுநர் அருகில் நின்று உங்கள் சுவாசத்தைக் கவனித்ததால் இயல்பாக மூச்சு விட்டிருப்பீர்கள். துடிப்பும் அதற்குரிய நேரத்தில் வந்திருக்கிறது. ஆகவே 1 நிமிடம் 20 நொடிதான் உங்களுடைய உண்மையான அளவு. 2 நிமிடம் 45 நொடி என்பது கடன் வாங்கிய நேரம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு அட்டவணையில் ஓய்வைப் படிப்படியாகக் குறைப்பதன் நோக்கமே, முந்தைய சுற்றில் சேர்ந்த வாயு முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்த சுற்றைத் தொடங்கி, அந்த மிகுதியை உடலுக்குப் பழக்குவதுதான். ஓய்வு நேரத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால், 30 நொடியில்கூட அதில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம். அட்டவணையின் எட்டுச் சுற்றுகளையும் முடித்திருப்பீர்கள். அது தர வேண்டிய பயிற்சி மட்டும் கிடைத்திருக்காது.

ஓய்வில் வயிறு மெல்ல எழுந்து தாழும்படி, வழக்கமான அளவிலேயே சுவாசியுங்கள். கடைசியாக ஒரே ஒரு முழு மூச்சு எடுத்து அடக்குங்கள். உச்ச நேரத்தில் பாதியளவை அடக்க நேரமாக வைப்பது வழக்கம். அந்த உச்சத்தை இந்தச் சுவாச முறையில் புதிதாக அளந்துகொள்ளுங்கள். மேலும், இரண்டு அட்டவணைகளையும் ஒரே நாளில் செய்வதும், அதை நாள்தோறும் செய்வதும் அளவுக்கு மீறியவை. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று அமர்வுகள் போதும்.

மறுமொழி 2

மேலே சொன்னதற்கு உடலியங்கியல் காரணத்தைச் சேர்க்கிறேன், ஏனெனில் இது நேரக் கணக்கோடு முடிந்துவிடும் சிக்கல் அன்று. மூச்சு விட வேண்டும் என்ற உந்துதல் முதன்மையாக ஆக்சிஜன் குறைவதால் எழுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு கூடி, அதனால் மூளைத்தண்டைச் சூழ்ந்த திரவத்தின் அமிலத்தன்மை உயர்வதாலேயே எழுகிறது. மிகையாகச் சுவாசித்தால் அந்த எச்சரிக்கை தள்ளிப்போகிறது. ஆனால் ஆக்சிஜன் இருப்பு கூடுவதில்லை என்றே சொல்லலாம். நலமான ஒருவரின் இரத்தம் சாதாரணச் சுவாசத்திலேயே ஏறத்தாழ நிறைவுற்ற நிலையில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் இருப்பு உண்மையிலேயே கூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஒப்பீடு: 2009-இல் ஸ்டெஃபான் மிஃப்சூத் சாதாரணக் காற்றை இழுத்து 11 நிமிடம் 35 நொடி அடக்கினார், 2021-இல் புதிமிர் ஷோபாத் தூய ஆக்சிஜனை முன்கூட்டியே சுவாசித்துவிட்டு 24 நிமிடம் 37 நொடி அடக்கினார். சாதாரணக் காற்றை எத்தனை முறை வேகமாக இழுத்து விட்டாலும் அந்த வேறுபாடு வந்துவிடாது.

மரமரப்பும் இதே கணக்குதான். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதிலுள்ள தனி நிலைக் கால்சியம் குறைந்து நரம்புகள் எளிதில் கிளர்ச்சியடைகின்றன. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் சுருங்குகின்றன. ஹீமோகுளோபினோ ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு திசுக்களுக்குத் தயங்கியே விடுகிறது. விரிப்பில் படுத்திருப்பவருக்கு இதனால் ஒருவேளை சில நொடி மயக்கம் நேரலாம். இதே பழக்கத்தோடு கடலில் இறங்கினால் நிலை வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. அங்கிருந்து மேலேறும்போது நுரையீரலிலுள்ள ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் பாதியாகச் சரிகிறது. எச்சரிக்கை மணி அடிக்காமலேயே, மேற்பரப்புக்குச் சில மீட்டர் கீழே நினைவு தப்பும்.

மறுமொழி 3

முதல் இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் அட்டவணையைத் திருத்திக்கொண்டு தொடருங்கள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்களைப் போல நொடி முள்ளோடு பழகியவர் ஒரு மாதமாவது கடிகாரத்தை விலக்கிவைப்பது நல்லது. படுத்து, இயல்பாகச் சுவாசித்து, அடக்குங்கள். முதல் துடிப்பு வரும்போது தோள், தாடை, நாக்கு ஆகியவை இறுகுகின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். பிறகு துடிப்புகளை எண்ணுங்கள்: முதல் வாரம் ஐந்து, அடுத்த வாரம் எட்டு, அதன்பின் பத்து. துடிப்பு என்பது ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதன் அறிவிப்பன்று என்பதை உடலுக்கு உணர்த்துவதே தரைப்பயிற்சியின் பெரும்பயன் என்பது என் கருத்து. அதைத் தள்ளிப்போடும் உத்தியைக் கற்றவர், அது வரும்போது என்ன செய்வதென்று கற்கவில்லை. குளத்தில் உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

மிச்சப்படும் நேரத்தை விலாக்கூட்டின் நெகிழ்வுக்கும் காதுக்கும் கொடுங்கள். 30 மீட்டரில் நுரையீரலின் கொள்ளளவு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். இறுகிய மார்புக்கூட்டுக்கு அது கடினமான வேலை. மூச்சை முழுவதும் வெளியேற்றிவிட்டு வயிற்றை விலாவுக்கு அடியில் உள்ளிழுக்கும் யோகப் பயிற்சியான உட்டியாண பந்தம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. வெறும் வயிற்றில், மெதுவாக, வலி எழும் முன் நிறுத்திவிட வேண்டும். காதின் அழுத்தத்தைச் சமன்செய்யும் ஃப்ரென்செல் முறையையும் தரையிலேயே முழுமையாகக் கற்கலாம்: மூக்கைப் பிடித்து, தொண்டையை மூடி, நாக்கின் பின்பகுதியைப் பிஸ்டன்போல் உயர்த்திக் காற்றைத் தள்ள வேண்டும். அப்போது மார்பும் வயிறும் அசையக் கூடாது. அசைந்தால் நீங்கள் இன்னும் நுரையீரலிலிருந்துதான் தள்ளுகிறீர்கள் என்று பொருள். தலைகீழாக இறங்கும்போது அந்த வழி விரைவிலேயே கைவிட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பத்து நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஓய்வில் எப்படிச் சுவாசிக்கிறேன் என்று என்னையே காணொளி எடுத்துப் பார்த்தேன். மறுமொழி 1 சொன்னது சரி. நிமிடத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆழ்ந்த மூச்சுகள். அதை நிறுத்தியதும் மரமரப்பு அடியோடு மறைந்தது. உச்ச நேரமும் 2 நிமிடம் 35 நொடிக்கு இறங்கிவிட்டது. முதல் துடிப்பு 1 நிமிடம் 25 நொடியில் வருகிறது. பத்து வார உழைப்பு ஒரே நாளில் சரிந்ததைப் பார்த்துச் சற்று மனம் சோர்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் துடிப்பு எண்ணும் முறையில் நேற்று பதினொன்று வரை பதற்றமின்றி இருக்க முடிந்தது.

இரண்டு ஐயங்கள். பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டால் தனியாகப் பழகுவது பாதுகாப்பாகுமா? மூச்சடக்கி நடக்கும் பயிற்சியையும் சேர்க்கலாமா?

மறுமொழி 2

ஆக்ஸிமீட்டரை நம்பி எல்லையைத் தீர்மானிக்காதீர்கள். மூச்சடக்கும்போது கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால், விரலில் தெரியும் எண் மூளையின் நிலையைவிடப் பல நொடிகள் பின்தங்கியே வரும். நீங்கள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும் அது இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதிவுக்கு வைத்துக்கொள்ளலாம், காவலுக்கு ஆகாது. தனியாக இருக்கும்போது படுத்த நிலையில், உச்சத்துக்கு வெகு முன்பே நிறுத்தும் பயிற்சிகளை மட்டும் செய்யுங்கள். முகத்தில் குளிர்ந்த ஈரத்துணியை வைத்தால் இதயத் துடிப்பு மந்தமாகும் நீர்மூழ்கு எதிர்வினையை ஓரளவு தூண்டலாம். ஆனால் குளியல் தொட்டியோ, நீர் நிரப்பிய பாத்திரமோ தனியாக இருப்பவருக்கு வேண்டவே வேண்டாம்.

மறுமொழி 3

நடைப் பயிற்சி நல்லதுதான். தசைகள் ஆக்சிஜனைச் செலவிடுவதால் நீரில் துடுப்பு உதைக்கும் நிலைக்குச் சற்று அருகில் வருகிறது. ஆனால் நிற்கும்போது நினைவு தப்பினால் தலை அடிபடும். புல்தரையில், படிகளும் கற்களும் இல்லாத இடத்தில், உங்களோடு சேர்ந்து நடக்க ஒருவர் இருந்தால் மட்டும் செய்யுங்கள். அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கக் கூடாது.