பொருள்: பச்சை-மஞ்சள் கம்பிக்குத் தமிழில் என்ன பெயர்? சனிக்கிழமைக்குள் வேண்டும்

சான் ஆந்த்ரே (ரெயூனியன்), தமிழ் வகுப்பு ஆசிரியை:
அன்பர்களே, வணக்கம். பழைய வீடுகளின் மின்பாதுகாப்பு பற்றி ஒரு பக்கக் குறிப்பு, பிரெஞ்சும் தமிழுமாக, சனிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பழைய மரவீடுகளில் இன்னும் இரண்டு துளை பிரீஸைப் (பிளக் செருகும் சுவர்ப்பொருத்தி) பார்க்கிறேன். புதிய பிரீஸில் வெளியே துருத்தி நிற்கும் முள்ளுக்கும் அதற்கு வரும் பச்சை-மஞ்சள் கம்பிக்கும் பெயர் வேண்டும். பிரெஞ்சில் 'தேர்', மண் என்று பொருள். அதை அப்படியே எழுதினால் கோயில் தேராகிவிடுகிறது. 'எர்த்' என்பது எங்கள் பெரியவர்களுக்குப் பழக்கமில்லை.

மொரிசியஸிலிருந்து:
அம்மா, இலங்கையில் இதற்குப் புவித்தொடுப்பு என்றே வழங்குகிறார்கள். நியூட்ரல் என்னும் நடுக்கம்பிக்கு நொதுமல். இருப்பதை எடுத்தாளுங்கள். ஊருக்கு ஒரு சொல் வேண்டாம்.

டர்பனிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'புவி' வடசொல். தொல்காப்பியர் ஐம்பூதங்களை எண்ணும்போது நிலம் என்றே தொடங்குகிறார். ஆகவே நிலத்தொடுப்பு. மகரம் கெட்டுத் தகரம் மிகுந்திருக்கிறது, புணர்ச்சியில் குறையில்லை. 'நிலத்தொடு தொடுப்பு' என்று மூன்றாம் வேற்றுமையாக விரிப்பதே சரி, ஆறாம் வேற்றுமையாக அல்ல. 'தரை' வேண்டாம், அதன் மூலம் 'தரா' என்னும் வடசொல் என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியே காட்டுகிறது. நொதுமலை மட்டும் மனமார ஏற்கிறேன். அகப்பொருளில் நொதுமலர் வரைவு என்றால் அயலார் பெண் கேட்டு வருவது. நட்பும் இல்லை, பகையும் இல்லை. நடுக்கம்பிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. நொதுமலைப் பற்றித் தனியே எழுதுகிறேன், நிறைய இருக்கிறது.

சென் தெனியிலிருந்து (ரெயூனியன்), மின்பணியாளர்:
ஐயா, இலக்கணம் இருக்கட்டும். சில பழைய வீடுகளில் மூன்று முனை பிரீஸ் இருக்கும், பின்னால் பச்சை-மஞ்சள் கம்பியே இருக்காது. யாரோ அந்த முள்ளை நடுக்கம்பியோடு சேர்த்து முறுக்கியிருப்பார்கள். நடுக்கம்பி எங்காவது அறுந்தால் சலவை இயந்திரத்தின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும். வெறும் 'தொடுப்பு' என்றால் அவர்களும் தொடுத்துத்தானே இருக்கிறார்கள்? மண்ணுக்குள் இறங்கிய கம்பி என்று சொல்லிலேயே தெரிய வேண்டும். எங்கள் எரிமலைப் பாறையில் முளைக்கம்பி இறங்குவதே பாடு. மெயினில் 500 மில்லியாம்பியர் டிஃபரான்சியல் (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருந்தால் அந்த முளைக்கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான மின்தடை 100 ஓமுக்குள் இருக்க வேண்டும். மண்ணிணைப்பு என்று எழுதுங்கள். இதையும் சேருங்கள்: கம்பி இழுக்க முடியாத வீட்டில் 30 மில்லியாம்பியர் டிஃபரான்சியல் உயிரைக் காக்கும், ஆனால் அது மண்ணிணைப்பு ஆகாது.

டர்பனிலிருந்து:
மண் என்பது கையில் அள்ளுவது. மின்சாரம் போய்ச் சேர்வது நிலத்தில். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

சான் ஆந்த்ரே:
ஐயா, பிழை திருத்திய நான்கு பேரில் மூவர் மண்ணிணைப்பு என்கிறார்கள். வகுப்பில் கேட்டதும் விளங்கியதும் அதுதான். தலைப்பில் மண்ணிணைப்பு, முதல் வரியில் 'நிலத்தொடுப்பு என்றும் சொல்லலாம்' என்று போடுகிறேன். நடுக்கம்பியோடு முறுக்கக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன்.

மொரிசியஸிலிருந்து:
சரி, அச்சிடுங்கள். எங்கள் வகுப்பில் புவித்தொடுப்பே தொடரும். அப்புறம், நடுக்கம்பிக்கு நொதுமல் போட்டீர்களா, இல்லையா?