"பெண் கணவன் வீட்டுக்குச் செல்வாள்": எந்த ஊர்ப் பாடம் இது?

படுவான்கரையாள்: "குடும்பத் தலைவர் அப்பா. திருமணமான பெண் கணவன் வீட்டுக்குச் செல்வாள்." நேற்று இஞ்ச ஒரு மாஸ்டர் போட்ட தரம் 4 பாடக்குறிப்பு இது. மட்டக்களப்பில கொக்கட்டிச்சோலைப் பக்கம் எந்தப் பொம்பிளைப் பிள்ளை மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவ? எங்கட அப்பா ஒரு தகரப் பெட்டியோட அம்மாட வளவுக்கு வந்தவர். அந்தப் பெட்டி இண்டைக்கும் கட்டிலுக்குக் கீழ கிடக்கு. காணி உறுதி அம்மம்மாவிட்ட இருந்து அம்மாவுக்கு வந்து, இப்ப அக்காட பேரில.

மட்டுநகர் மாஸ்டர்: அது பொதுக்குறிப்பு. அடுத்த வருசம் பிள்ளையள் புலமைப்பரிசில் எழுதோணும். ஊருக்கு ஊர் பாடம் எழுத ஏலாது.

படுவான்கரையாள்: பரீட்சையை நான் கேக்கல்ல மாஸ்டர். யார் யார்ட வீட்டுக்குப் போறது?

வடமராட்சியான்: சீதன வீடு யாழ்ப்பாணத்திலயும் இருக்கு. தகப்பனும் தமையனும் வெளிநாட்டில உழைச்சுக் கட்டுற வீட்டுக்குத் தாய்வழிப் பெருமையோ?

கல்முனை ராத்தா: எங்கட ஊர்லயும் மாப்புளதான் பொண்ட ஊட்டுக்கு வாற. காத்தான்குடி, அக்கரைப்பற்று எல்லாம் அப்படித்தான், குடி எண்ட குலமும் உம்மாட வழிதான். ஆனா அந்த ஊட்டக் கட்ட ஒரு உம்மா சவூதிக்குப் போய் வருசக்கணக்கா வேலை செய்யிறா, புள்ளைகள மூத்தம்மா வளக்கிறா. அந்தப் புள்ளை வகுப்புல "தலைவர்" எண்டு யார எழுதுற? அதையும் படிப்பிங்க.

மட்டுநகர் மாஸ்டர்: குடி, தாய்வழிச் சொத்துரிமை சொன்ன பழைய முக்குவர் சட்டம் எல்லாம் 1876 கட்டளைச் சட்டத்தோட முடிஞ்ச கதை. எதிர்காலக் குடும்பத்தைப் பற்றிப் பேசுங்க.

படுவான்கரையாள்: சட்டம் போனா வழக்கமும் போச்சா? கோயில் திருவிழாவுக்கு இண்டைக்கும் என்ன குடி எண்டுதானே கேக்கிறாங்க! "அப்பாதான் தலைவர்" எண்டு படிப்பிச்சதுட விளைச்சலை 2004 சுனாமிக்குப் பிறகு பாத்தம். படிவத்தில குடும்பத் தலைவர் எண்டு ஆம்பிளைட பேர். சீதனக் காணியை இழந்த பொம்பிளையளுக்குக் கிடைச்ச புதுவீடு கன இடத்தில புருசன்ட பேரில. 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலயும் வாரிசு வரிசையில மகன்தான் முன்னுக்கு. அதை மாத்த 2022 ஆச்சு. சண்டையில புருசனை இழந்து தனிய நிண்டு பிள்ளை வளத்த தாய்மார் எத்தனை பேர் இஞ்ச? அவங்கட பிள்ளையள் அந்தக் குறிப்பில எங்க இருக்கு?

மட்டுநகர் மாஸ்டர்: கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கைப் பற்றி எழுதினப்பவும் என்னைத்தான் பிடிச்சீங்க. படுவான்கரையார் மட்டும்தான் மட்டக்களப்பாரா?

படுவான்கரையாள்: குளிர்த்தியைப் பொங்கல் எண்டு போட்டது நீங்க. அதையும் இன்னும் திருத்தல்ல.

வடமராட்சியான்: ராத்தா, "ஊடு" இல்லை, "வீடு". படிப்பு விசயம் பேசேக்க தமிழை ஒழுங்கா எழுதுங்கோ.

கல்முனை ராத்தா: என்ட உம்மா ஊடு எண்டுதான் சொல்லித் தந்தா. நான் அப்படித்தான் எழுதுவன்.

மட்டுநகர் மாஸ்டர்: 22 வருசம் படிப்பிச்சவன் நான். குறிப்பில ஒரு வரியும் மாறாது.

படுவான்கரையாள்: 22 வருசமா? அப்ப சொல்லுங்க, கலியாணம் முடிச்சு நீங்க யார்ட வீட்டுக்குப் போனீங்க?

மட்டுநகர் மாஸ்டர்: அது என்ட சொந்த விசயம்.