‘சத்தந்தான் தாயி மொதல்ல வந்துச்சு’

களப்பணிக்குப் போன இடத்தில் சந்தித்தவர்களைப் பற்றி இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டே வந்தேன், நானும் எழுதுகிறேன். சொந்த ஊர் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா இருபது வருடத்துக்கு மேல் கம்பம் மெட்டு ஏறி, ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வந்தவர். அதே மலையில் வரும் சின்னச் சின்ன நிலநடுக்கங்களைப் பற்றித்தான் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது நான்காவது வருடம்.

வேலை என்னவென்றால், பாறை தட்டும்வரை குழி தோண்டி, சிமென்ட் தளம் போட்டு, அதன்மேல் நில அதிர்வை அளக்கும் சீஸ்மோமீட்டரை வடக்குப் பார்த்து வைத்து, மட்டம் காட்டும் குமிழி நடுவில் நிற்கும்வரை அதன் கால்களைத் திருகி, வெயிலும் குளிரும் தாக்காமல் தெர்மோகோல் போட்டு மூட வேண்டும். ஒரு பேட்டரி, ஒரு சோலார் பேனல், நேரம் பிசகாமல் இருக்க ஒரு ஜிபிஎஸ். நொடிக்கு 100 தடவை தரை எவ்வளவு அசைகிறது என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். இப்படி ஆறு இடங்களில் வைத்திருக்கிறேன். நெட்வொர்க் இல்லாத இடங்களில் மாதம் ஒரு தடவை நேரில் போய் டேட்டாவை எடுத்து வர வேண்டும். அப்படிப் போய்வந்த இடங்களில்தான் இவர்களைப் பார்த்தேன்.

உடும்பன்சோலைப் பக்கம் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, பின்னால் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது ஓர் அப்பத்தா வந்து நின்றார். “என்னாத்தா பொதைக்கிற?” என்றார். நில அதிர்வை அளக்கிற கருவி என்றேன். “அதுக்கா இம்புட்டுப் பாடு? என்னையக் கேட்டாச் சொல்லிருப்பேன்ல” என்று அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னது 1988 ஜூன் 7 அன்று நெடுங்கண்டத்துப் பக்கம் வந்த நிலநடுக்கம், ரிக்டர் அளவு 4.5. அன்றைக்கு இந்த மலைகளில் கருவிகள் சொற்பம்.

“சத்தந்தான் தாயி மொதல்ல வந்துச்சு. பூமிக்கடியில லோடு லாரி போற மாதிரி. என்னான்னு வாசலப் பாக்குறதுக்குள்ள ஆட்டம். அடுக்குல இருந்த பித்தளைப் பாத்திரம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுச்சு, கீழ விழுகல. ஓடு மட்டும் ரெண்டு வரிசை சரிஞ்சு போச்சு.”

இதைக் கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். நிலநடுக்கத்தில் முதலில் வருவது பி அலை, பின்னால் வருவது எஸ் அலை, வீட்டை உலுக்குவது பெரும்பாலும் இரண்டாவதுதான். இந்த மலை கெட்டிப் பாறை, அதிர்வு குறைந்த ஆழத்திலிருந்து வந்தால் வேகமாகத் துடிக்கும் பி அலை மேலே வந்து காற்றைத் தட்டும், அது காதில் உறுமலாக விழும். பாத்திரம் ஆடியதா, விழுந்ததா, ஓடு சரிந்ததா என்பதை வைத்துத்தான் எந்த ஊரில் எவ்வளவு தீவிரம் என்று வரைபடம் போடுகிறோம். பழைய நிலநடுக்கங்களுக்கு இதைவிட்டால் நமக்கு வேறு வழி குறைவு. சத்தம் கேட்டபோது கையில் என்ன இருந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள், அப்படியே செய்து காட்டுங்கள் அப்பத்தா என்றேன். கையிலிருந்த தகரடப்பாவைக் கீழே வைத்து, வாசல் பக்கம் திரும்பி, ‘இப்ப’ என்றார். மூன்று தடவை செய்யச் சொல்லி போனில் நேரம் பார்த்தேன், மூன்று தடவையும் ஏறக்குறைய இரண்டு நொடி. இரண்டு அலைக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் தோராயமாகக் கிடைக்கும் என்பது எங்கள் படிப்பில் முதல் வருடப் பாடம். பதினாறு கிலோமீட்டர்! ஒரு பழைய ஞாபகத்தை அளவு என்று ஆய்வேட்டில் எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் கருவியை இறக்கும் முன் வயதானவர்களைத்தான் தேடுகிறேன். அவர்கள் சொல்வதைக் கதை என்று ஒதுக்குகிற ஆய்வாளர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

வண்டிப்பெரியாறு டீக்கடையில் வேறு கேள்வி. அங்கே என்ன பேசினாலும் அணையில்தான் போய் நிற்கும். மலையாளத்தில் ஒருவர் “மோளே, டேம் பொட்டுமோ?” (மகளே, அணை உடையுமா?) என்பார், பக்கத்தில் இருக்கிற தமிழர் “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு நீ எழுதிக் குடு பாப்பா” என்பார். இரண்டு பேரும் என் முகத்தையே பார்ப்பார்கள். 2011இல் ஜூலையில் தொடங்கி நவம்பர் வரை இடுக்கியில் அடுத்தடுத்து அதிர்வுகள், பெரியது 3.8 அளவு. அதன் பயம் முல்லைப்பெரியாறு அணை மேல் திரும்பி, இரண்டு மாநிலத்துக்கும் தகராறாகி, டிசம்பரில் குமுளியில் போக்குவரத்தே நின்றது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஜீப் ஓடாததால் அம்மாவுக்கு வாரக்கணக்கில் கூலி இல்லை. வீட்டில் எல்லோரும் பயந்தது நிலநடுக்கத்துக்கா மனிதர்களுக்கா என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அதனால் அந்தக் கேள்விக்கு நான் மழுப்புவதில்லை. அணையின் பலத்தைச் சொல்ல வேண்டியவர்கள் அணைப் பொறியாளர்கள், இந்தத் தரை இதுவரை என்ன செய்திருக்கிறது என்பதை மட்டும் நான் சொல்லலாம் என்று ஆரம்பிப்பேன். 2000 டிசம்பர் 12இல் ஈராட்டுபேட்டைப் பக்கம் 5.0, அடுத்த மாதமே, 2001 ஜனவரி 7இல், 4.8. கொஞ்சம் வடக்கே, 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் 6 அளவை ஒட்டி ஒன்று வந்தது, பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்து அப்போது ஐந்து வருடம்தான். ஒரு ஐயா விடாமல் கேட்டார், “சின்னச் சின்னதா வந்து அமுக்கம் எறங்கிட்டா பெருசு வராதுல்ல?” பலரும் நம்புவது இது, ஆனால் சரியல்ல. நிலநடுக்க அளவில் ஒரு படி ஏறினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடுகிறது. ஒரு 5 இறக்கி வைக்கிற ஆற்றலை 3 அளவு அதிர்வுகளால் இறக்க வேண்டுமானால் ஆயிரம் அதிர்வு வர வேண்டும் ஐயா என்றேன். தேதி சொல்ல இன்றுவரை உலகத்தில் யாராலும் முடியாது என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் டீயைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சாந்தன்பாறைப் பக்கம் வைத்த கருவியின் பதிவில் ஒரு ராத்திரி, விட்டுவிட்டு, தாளம் தப்பாமல் தட்டுகள் வந்திருந்தன. போய்ப் பார்த்தால் சோலார் பேனல் வளைந்து கிடக்கிறது, சுற்றிலும் யானைத் தடம். தோட்டக் காவலர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார், “நெலநடுக்கம் எப்பவோ வருது, ஆனை தெனம் வருது. இந்த மிஷினு அதுக்கு முன்கூட்டிச் சொல்லுமா?” யானையின் காலடியை நில அதிர்வு உணரிகளால் கண்டுபிடிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. என் தலைப்பு அதுவல்ல, ஆனாலும் அந்தப் பதிவுகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், செய்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் கேளுங்கள்.

இன்னொரு நாள் எஸ்டேட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்து, கரண்டுக் கம்பத்துக்கடியில் எரிமலைக் குழம்பு கொதிக்கிறது என்றான். சுற்றி நூறு பேர் நிற்கிறார்கள். மின்சாரம் தரையில் இறங்கி மண்ணையே உருக்கியிருந்தது, ஆறியதும் கருப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மின்வாரியத்துக்குச் சொல்லச் சொன்னேன், ஏனென்றால் அந்த இடத்தில் உயிர் போவது குழம்பால் அல்ல, தரையில் ஓடுகிற கரண்டால். இந்த மலை எரிமலை இல்லை, 50 கோடி வருடங்களுக்கும் முன்னால் பூமிக்குள் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமானில் பாரன் தீவு (Barren Island) ஒன்றுதான், நீண்ட காலம் தூங்கி 1991இல் மறுபடி எழுந்தது. அங்கே வருகிற அதிர்வில், பாறைக் குழம்பு நகரும்போது விடாமல் ஓடும் முனகல் ஒன்று இருக்கும், இங்கே உள்ளது போல் பட்டென்று வந்து அடங்காது. இரண்டையும் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அந்தத் தம்பி இப்போது பிளஸ் டூவில் இருக்கிறான், ஜியாலஜி படிக்கப் போகிறேன் என்கிறான்.

கடைசியாக, மூணாறில் ஒரு அண்ணன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்களே, அதில் அவருடைய சொந்தங்கள் இருந்தார்கள். பலருக்கும் பூர்வீகம் கயத்தாறு, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்தவர்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இந்த மிஷின் அன்னைக்கு இருந்திருந்தா?”

வருவதை இது சொல்லியிருக்காது அண்ணே என்று சொன்னேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அவ்வளவு பெரிய சரிவைச் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கருவியும் பதிவு செய்திருக்கும். மெதுவாக எழுந்து, தடித்து, மெதுவாக அடங்கும், நிலநடுக்கம் போல் இருக்காது. அன்றைக்கு போனும் இல்லை, கரண்டும் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. நேரலையாக ஒரு கருவி இருந்து, அதைப் பார்க்க ஆளும் இருந்திருந்தால், ராத்திரியே ஏதோ நடந்திருக்கிறது என்றாவது யாருக்காவது தெரிந்திருக்கும்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், “இங்க பாறை இருக்கு, தோண்டிப் பாருங்க” என்றார். என் ஆறாவது கருவி அங்கேதான் இருக்கிறது. டவர் கிடைக்கிற இடம் என்பதால் அதற்கு மட்டும் சிம் போட்டு நேரலையாக விட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் பேனலில் பாசி பிடித்தால் அவரே துடைத்துவிட்டு போன் செய்வார், லைன் வருகிறதா பாருங்கள் என்று.