வாழைப்பழ கேக் நடுவில் அமுங்கி, அடியில் களி மாதிரி நிற்கிறது. தார் முழுக்கப் பழுத்துவிட்டது, உதவுங்கள்!

புதுவீட்டுக்காரி:
போன வாரம் கிரகப்பிரவேசம். வாசலில் கட்டிய இரண்டு வாழை மரத்திலும் நல்ல பூவன் தார். ஒன்றை இறக்கி ஸ்டோர் ரூமில் சாக்கு போட்டு மூடி வைத்தோம். சொல்லி வைத்தாற்போல மொத்தமும் ஒரே நாளில் பழுத்துவிட்டது. அக்கம்பக்கம், கொத்தனார், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் கொடுத்தும் நான்கு சீப்பு மிச்சம். தோல் கறுத்து, கை பட்டாலே காம்பிலிருந்து உதிர்கிறது.

வீணாக்க மனமில்லாமல் இரண்டு முறை கேக் செய்தேன். இரண்டும் ஒரே கதை. அடுப்பில் இருக்கும்போது அழகாக எழும்புகிறது, வெளியே எடுத்த பத்து நிமிடத்தில் நடுப்பகுதி கிணறு போல இறங்கிவிடுகிறது. வெட்டினால் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பளபளவென்று களி. நாக்கில் லேசாகச் சோப்பு வாசனை வேறு. டூத்பிக் குத்திப் பார்த்தேன், சுத்தமாகத்தான் வந்தது. எங்கே தவறு?

இட்லிமாவு:
சோடா போதவில்லை. இன்னும் அரை ஸ்பூன் சேர்த்துப் பாருங்கள், நன்றாக நிற்கும்.

தராசுத்தட்டு:
மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். சோப்பு வாசனை என்று அவரே சொல்கிறாரே, அது சோடா கூடிப்போனதன் அடையாளம். பழத்தில் இருக்கும் புளிப்பு ஓரளவு சோடாவோடுதான் வேலை செய்யும். மீதி அப்படியே கேக்கில் தங்கி நாக்கில் தெரியும். போதாததற்கு, அளவுக்கு மீறிக் காற்று கிளம்பினால் மாவு அதைத் தாங்க முடியாமல் அமுங்கிவிடும்.

சகோதரி, முதலில் இதைச் சொல்லுங்கள்: எத்தனை பழம், தோலுரித்து எத்தனை கிராம்? முட்டை போட்டீர்களா? எதில் மசித்தீர்கள்? சோடா எவ்வளவு?

புதுவீட்டுக்காரி:
குறிப்பில் 200 கிராம் மைதா, மூன்று பெரிய பழம், இரண்டு முட்டை, முக்கால் டீஸ்பூன் சோடா. வெளிநாட்டுக்காரர் குறிப்பு. புது வீட்டில் ஒரு மண்டலத்துக்கு முட்டை கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள். முட்டைக்குப் பதில் பழமே போடலாம் என்று எங்கோ படித்தேன். நம் பழம் சின்னதாயிற்றே என்று ஒன்பது போட்டேன் (தீர்ந்தால் போதும் என்ற எண்ணமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்). பழம், சர்க்கரை, எண்ணெய், கொஞ்சம் பால் எல்லாம் மிக்ஸியில் அடித்து, மாவையும் அதிலேயே கொட்டி இரண்டு சுற்று. இரண்டாவது தடவை சோடா ஒன்றரை ஸ்பூன்.

இப்போதுதான் ஒன்பது பழத்தை உரித்து நிறுத்துப் பார்த்தேன். 510 கிராம்!

தராசுத்தட்டு:
அகப்பட்டது. வெளிநாட்டுக் குறிப்பில் "பழம்" என்றால் நம் கடையில் மோரிஸ் என்று விற்கிற பச்சை வாழை வகை. உரித்தால் ஒன்று 100 முதல் 120 கிராம் வரும். மூன்று என்றால் 300, 350. நீங்கள் போட்டது அரைக் கிலோவுக்கு மேல், அதற்கு மேல் பால்.

காயாக இருக்கும்போது வாழையில் மாவுச்சத்துதான் அதிகம். பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறிவிடும். தோல் கறுத்த பழத்தில் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். இனிப்பும் ஈரமும் நிறையக் கொடுக்கும், ஆனால் கேக்கைத் தூக்கி நிறுத்தாது. தூக்கி நிறுத்துவது முட்டையும் மைதாவும். நீங்கள் முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் ஈரத்தை வைத்துவிட்டீர்கள். தூணை எடுத்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டின கதை.

மிக்ஸியும் இதில் கூட்டாளி. மைதாவை அதில் சுற்றினால் சவ்வு பிடித்துவிடும், கேக் ரப்பராகும். பழத்தை முள்கரண்டியால் மசியுங்கள். மாவைக் கடைசியில் கரண்டியால் புரட்டினால் போதும், வெள்ளை மாவு கண்ணில் படாத நொடியில் கையை எடுத்துவிடுங்கள்.

முட்டை இல்லாமல் நான் செய்யும் அளவு: மைதா 200 கிராம், மசித்த பழம் 250 கிராம் (பூவனில் நாலரை பழம் வரும்), கெட்டித் தயிர் 75 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், எண்ணெய் 80 மில்லி, சோடா முக்கால் டீஸ்பூன் தலை தட்டி, உப்பு ஒரு சிட்டிகை. பால் வேண்டவே வேண்டாம். ஓடிஜியில் (கேக் சுடும் மின் அடுப்பு) மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 175 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். மேலே சீக்கிரம் கறுத்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள், அதற்காக வெளியே எடுத்துவிடாதீர்கள்.

டூத்பிக்கை எங்கே குத்தினீர்கள்? மேலே வெடிப்பு இருக்கும், அதற்குள் விட்டால் எப்போதும் சுத்தமாகத்தான் வரும். வெடிப்புக்குப் பக்கத்தில், நட்ட நடுவில், அடி வரைக்கும் இறக்கிப் பாருங்கள்.

ரஸ்தாளிப்பிரியை:
பூவன் என்றால் பரவாயில்லை, புளிப்பு இருக்கிறது, சோடாவுக்கு வேலை கிடைக்கும். நான் ஒருமுறை ரஸ்தாளியில் செய்து பல்லைக் கடித்துக்கொண்டேன். சில ரஸ்தாளியில் நடுவே கல் மாதிரி கட்டி இருக்கும், எவ்வளவு பழுத்தாலும் மசியாது. கேக்கில் அது குச்சிக்கிழங்குத் துண்டு போல அகப்படும். கையால் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

குமரிமாவட்டத்தாள்:
தங்கச்சி, நாலு சீப்புக்கும் கேக் செய்து எத்தனை நாள் சாப்பிடப் போகிறாய்? ஒரு பங்கை வெல்லமும் நெய்யும் விட்டு அல்வா மாதிரிக் கெட்டியாகக் கிளறி வரட்டி வை. ஒரு கிலோ பழ விழுது, 400 கிராம் வெல்லம் பாகு காய்ச்சி வடிகட்டியது, 100 கிராம் நெய், ஏலக்காய். இரும்புச் சட்டியில் செய்யாதே, பழம் அட்டைக் கறுப்பாகிவிடும். உருளி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அடி கனத்த பாத்திரம். முதலில் பழத்தை மட்டும் போட்டுத் தண்ணீர் வற்றக் கிளறு, பிறகு வெல்லம், நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக. கொதிக்கும்போது எரிமலை போலத் தெறிக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கொள், நீளக் கரண்டி எடு. கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, கோடு உடனே மூடாமல் நிற்க வேண்டும். நெய் ஓரத்தில் கக்கும். அதுதான் பதம்.

நேந்திரத்தில் செய்வதுதான் ருசி. பூவனில் செய்தால் ஒரு புளிப்பு நிற்கும், எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

கிள்ளான்வாசி:
மலேசியாவில் எங்களுக்கு இந்தப் பிரச்சினைக்கு ஒரே பதில், ஜெம்புட் பிசாங். பிசாங் என்றால் வாழைப்பழம், ஜெம்புட் என்றால் விரல் நுனியால் கிள்ளி எடுப்பது. பழத்தைக் கையால் பிசைந்து, உப்பு ஒரு சிட்டிகை, மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கையிலிருந்து வழியாமல், சொத்தென்று விழுகிற பதம் வந்தால் நிறுத்துங்கள். கறுத்த பழம் என்றால் சர்க்கரையே தேவைப்படாது. கிள்ளி எண்ணெயில் போட வேண்டியதுதான். தீ மட்டும் மிதமாக இருக்கட்டும், இனிப்பு அதிகம் என்பதால் வெளியே கருகி உள்ளே மாவாக நின்றுவிடும். மாலை தேநீருக்கு இரண்டு சீப்பு காலி, கணக்கு சரி.

இட்லிமாவு:
சோடா விஷயத்தில் நான் சொன்னது தப்புதான், மன்னிக்கவும். எங்கள் வீட்டு டப்பா இரண்டு வருடம் பழசு, அதனால் எனக்கு எப்போதும் கூடவே தேவைப்படுகிறது போல.

தராசுத்தட்டு:
@இட்லிமாவு பரவாயில்லை. கால் ஸ்பூன் சோடாவில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். சீறிக்கொண்டு பொங்கினால் உயிர் இருக்கிறது, சும்மா கிடந்தால் பாத்திரம் விளக்கப் பயன்படும்.

மிச்சப் பழத்தை ஃபிரீசரில் வைப்பவர்களுக்கும் ஒன்று. தோலை உரித்துவிட்டு வையுங்கள், உறைந்த பிறகு உரிப்பது பெரும்பாடு. வெளியே எடுத்தால் பழுப்பாக நீர் விடும், கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். அந்த நீரைக் கேக்கில் அப்படியே ஊற்றினால் மறுபடியும் களிதான். வடித்து, சின்ன வாணலியில் பாதியாகச் சுண்டக் காய்ச்சிச் சேருங்கள், பழ வாசனை முழுக்க அதில்தான் இருக்கிறது. காம்பில் பூஞ்சை படர்ந்ததும் சாராய நெடி அடிப்பதும் மட்டும் குப்பைக்கு.

புதுவீட்டுக்காரி:
மூன்றாவது கேக் இப்போதுதான் இறங்கியது. 250 கிராம், நிறுத்துப் போட்டேன். கைக்குக் குறைவாகவே தோன்றியது, இன்னொரு பழம் போடலாமா என்று கை போனது, அடக்கிக்கொண்டேன். 52 நிமிடம். சூடு ஆறியும் நடு அப்படியே நிற்கிறது. அடியில் களி இல்லை, சின்னச் சின்னப் பொத்தல்தான். அத்தை ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு "பணியாரம் மாதிரி இருக்கு" என்றார்கள். அவர்கள் வாயிலிருந்து அது பாராட்டு.

வரட்டியது நாளைக்கு. @குமரிமாவட்டத்தாள் அக்கா, முழுக்கை சட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

குமரிமாவட்டத்தாள்:
நல்லது. ஆமாம், இரண்டு மரம் கட்டினேன் என்றாயே, அந்த இன்னொரு தார் எங்கே? சாக்குப் போட்டு மூடாதே. பழுக்கிற பழம் விடுகிற வாயு உள்ளேயே தங்கினால் மொத்தத் தாரையும் சேர்த்துப் பழுக்க வைத்துவிடும். சீப்பு சீப்பாக வெட்டி, காற்றாட வேறு வேறு அறையில் தொங்கவிடு. மேல் சீப்பு முதலில் பழுக்கும், அதை எடுத்துச் சாப்பிடு, மற்றது மெல்ல வரும்.

புதுவீட்டுக்காரி:
அக்கா, இதைப் படித்துவிட்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். சாக்கைத் தூக்கிப் பார்த்தால் மேல் சீப்பு மஞ்சள் கட்டிவிட்டது. அரிவாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.