மேகமே இல்லாத வானத்தில் "மின்னல் 1 கி.மீ." என்கிறது ஏஎஸ்3935: எங்கே கோளாறு?

மழைமானி_திருச்சி:

வணக்கம். மொட்டை மாடியில் ஓடும் வானிலை நிலையத்தோடு ஒரு மின்னல் உணரியும் சேர்த்திருக்கிறேன். ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினி), பிஎம்இ280 (வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் உணரி), கவிழும் வாளி மழைமானி ஆகியவை ஏற்கெனவே உள்ளவை. புதிதாக வந்தது ஏஎஸ்3935 சிப் உள்ள மாட்யூல். ஈஎஸ்பி32-க்கு நாலு செ.மீ. தள்ளி, அதே டப்பாவில், அதே 3.3 வோல்ட் பின்னிலிருந்து மின்சாரம். இரண்டும் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பின் வேகம் 400 கிலோஹெர்ட்ஸ். டப்பாவுக்கு சாதாரண மொபைல் சார்ஜர்.

வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் "மின்னல், 1 கி.மீ." என்று வருகிறது. "இது மின்னல் அல்ல, வேறு இரைச்சல்" என்று சிப் சொல்லும் டிஸ்டர்பர் அறிவிப்போ நிமிடத்துக்கு இருபது, முப்பது. தொல்லை தாங்காமல் டிஸ்டர்பரை மாஸ்க் செய்தால் (அறிவிப்பை மறைத்தால்), நிஜமாகவே இடி இடிக்கும் சாயங்காலத்தில் ஒன்றும் சொல்வதில்லை. சில நேரம் "63 கி.மீ." என்றும் வருகிறது. ட்யூனிங் எப்படிச் செய்வது? இந்தச் சிப்பை விட்டுவிட்டு ரேடியோ மாதிரி நாமே ஒன்று கட்டினால் நன்றாக வருமா?

ஆர்எஃப்_பிரியன்:

சிப் கெட்டுப்போகவில்லை, அது உங்கள் சார்ஜரையும் ஈஎஸ்பி32-ஐயும் கேட்டுக்கொண்டிருக்கிறது. 500 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொண்ட சிறு காயில்தான் இதன் காது. சுவிட்சிங் சார்ஜரின் இரைச்சல் அந்தப் பட்டையில் தாராளமாக விழும். ஐ2சி-யை 400-ல் ஓட்டுவதும் அதே வட்டாரம்தான், 100-க்கு இறக்குங்கள்.

நிஜ மின்னலுக்கு ஏன் ஊமையாகிறது என்பதுதான் முக்கியம். ஒரு டிஸ்டர்பர் வந்ததும் சிப் அதை ஆராய்ந்து தள்ளிவிட்டு மீண்டும் கேட்கத் தொடங்க ஒரு விநாடிக்கும் மேல் ஆகும். அந்த இடைவெளியில் வரும் மின்னல் போனது போனதுதான். நிமிடத்துக்கு முப்பது டிஸ்டர்பர் என்றால் பாதி நேரம் காது அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மாஸ்க் செய்தால் அறிவிப்புதான் நிற்கும், அடைப்பு நீங்காது. அதனால் இரைச்சல் குறையும்வரை மாஸ்க்கை எடுத்துவிட்டு, டிஸ்டர்பர் எண்ணிக்கையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மின்சாரம். வைஃபை அனுப்பும் நொடியில் ஈஎஸ்பி32 சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும், 3.3 வோல்ட் தடுமாறும். உணரி ஒரு மில்லி ஆம்பியர்கூட எடுக்காது. ஆகவே அதன் மின்சாரப் பாதையில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, மாட்யூல் பக்கம் 100 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக்கும் தரைக்கு இணையுங்கள். வோல்டேஜ் இழப்பு கண்ணுக்கே தெரியாது. பிறகு மாட்யூலை ஈஎஸ்பி32-லிருந்து 30 முதல் 50 செ.மீ. தள்ளுங்கள்.

அடுத்தது ட்யூனிங். மாட்யூல் காயில் 100 மைக்ரோ ஹென்றி, கூடவே சுமார் 1 நானோ ஃபாரட். சிப்புக்குள் 0 முதல் 120 பிகோ ஃபாரட் வரை, 8 பிகோ ஃபாரட் படிகளாக, கூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. அதிர்வெண் 500 கிலோஹெர்ட்ஸுக்கு 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சிப்பின் அமைப்புகள் ரெஜிஸ்டர் எனும் எண்ணிட்ட இடங்களில் இருக்கும், எண்களை டெசிமலிலேயே தருகிறேன். ரெஜிஸ்டர் 3-ன் மேல் இரண்டு பிட்டும் பூஜ்யமாக இருந்தால் 16-ஆல் வகுத்த அதிர்வெண் ஐஆர்க்யூ பின்னில் (சிப் அறிவிப்பு தரும் பின்) வரும். ரெஜிஸ்டர் 8-ல் 128 + ப என்று எழுதுங்கள், ப என்பது 0 முதல் 15 வரை. ஒவ்வொரு ப-வுக்கும் ஒரு விநாடி பல்ஸ்களை எண்ணுங்கள். எண்ணும்போது ஐ2சி-யில் எதுவும் பேசக்கூடாது. இலக்கு 31,250. 30,156-க்கும் 32,344-க்கும் நடுவில் இருந்தால் ஏற்கலாம்.

ஒரு படி கூட்டினால் எண்ணிக்கை ஏறத்தாழ 120 குறைய வேண்டும். ப மாறியும் எண் அசையவில்லை என்றால் நீங்கள் எழுதுவது சிப்புக்குப் போய்ச் சேரவே இல்லை. 15 வைத்தும் எண் மேலேயே நின்றால் காயிலுக்கு இணையாக 47 அல்லது 100 பிகோ ஃபாரட் சேர்க்கலாம். 0-விலேயே கீழே இருந்தால் போர்டில் உள்ள கண்டன்சரைச் சிறியதாக மாற்ற வேண்டும். சேர்ப்பதோ மாற்றுவதோ வெப்பத்தில் மதிப்பு மாறாத சி0ஜி வகைக் கண்டன்சராக இருக்கட்டும். மாடி வெயிலில் மூடிய டப்பா காயும்போது எக்ஸ்7ஆர் வகையின் மதிப்பு நகர்ந்துவிடும்.

நல்ல ப கிடைத்ததும் ரெஜிஸ்டர் 8-ல் வெறும் ப. பிறகு ரெஜிஸ்டர் 61-ல் 150 எழுதி 2 மில்லி விநாடி பொறுத்து, ரெஜிஸ்டர் 8-ல் ப + 32, மீண்டும் 2 மில்லி விநாடி, பிறகு ப. உள் ஆஸிலேட்டர்கள் காயிலின் அதிர்வெண்ணை வைத்துத்தான் சரியாகின்றன, வரிசையை மாற்றாதீர்கள். ரெஜிஸ்டர் 58, 59 இரண்டிலும் பிட் 7 ஒன்றாகவும் பிட் 6 பூஜ்யமாகவும் இருந்தால் வேலை முடிந்தது. மின்சாரம் போனால் எல்லாம் அழியும், ஒவ்வொரு பூட்டிலும் எழுத வேண்டும். ப எழுதிய பிறகு ரெஜிஸ்டர் 60-ல் 150 எழுதினால் எல்லாம் பழைய இருப்புக்குத் திரும்பிவிடும். நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி நிரல் அந்த வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள்.

டப்பா பிளாஸ்டிக்காக இருக்கட்டும். காயில் பக்கத்தில் ஸ்க்ரூவோ தகடோ இருந்தால் அதிர்வெண் நகரும், அதனால் கடைசியாக எந்த டப்பாவில் இருக்கப்போகிறதோ அதில் மூடிபோட்டே ட்யூன் செய்யுங்கள்.

சாலிடர்சட்டி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நிரல் பக்கம் சில விஷயம் சேர்க்கிறேன்.

ஐஆர்க்யூ உயர்ந்ததும் 2 மில்லி விநாடி பொறுத்துத்தான் ரெஜிஸ்டர் 3-ஐப் படிக்கணும், முந்தினால் பூஜ்யம்தான் கிடைக்கும். கீழ் நாலு பிட்டை மட்டும் எடுங்க: 1 என்றால் பின்னணி இரைச்சல் அதிகம், 4 டிஸ்டர்பர், 8 மின்னல். பொறுத்துப் படிச்சும் 0 வந்தா பழைய மின்னல்கள் கணக்கிலிருந்து கழிஞ்சு தூரம் புதுப்பிக்கப்பட்டிருக்கு, பயப்படாதீங்க. தூரம் ரெஜிஸ்டர் 7-ல, கீழ் ஆறு பிட். நீங்க பார்க்கிற "63" கிலோமீட்டரே கிடையாது, எல்லைக்கு வெளியே என்பதற்கான குறி. 1 என்றால் தலைக்கு மேல். நடுவில் உள்ள எண்களும் 5, 6, 8, 10 என்று தாவித் தாவி 40 வரைதான் போகும். அதுவும் தனி ஒரு மின்னலோட தூரம் இல்லை, புயல்மேகத்தோட முன்விளிம்பு எங்கே இருக்கு என்கிற மதிப்பீடு. திசை சொல்லாது. ஆற்றல் என்று வரும் பெரிய எண்ணுக்கு எந்த அலகும் கிடையாது, வரைபடம் போட்டு அழகு பார்க்க மட்டும்.

அமைப்புகள்: திறந்தவெளின்னா ரெஜிஸ்டர் 0-ல 28, வீட்டுக்குள்ளன்னா 36. ரெஜிஸ்டர் 1-ன் ஆரம்ப இருப்பு 34, அதாவது இரைச்சல் மட்டம் 2, வாட்ச்டாக் 2. இரைச்சல் அறிவிப்பு வந்தா மட்டத்தை ஒரு படி ஏத்துங்க. டிஸ்டர்பர் வந்தா வாட்ச்டாக்கையும் (எவ்வளவு பெரிய துடிப்பைக் கவனிக்கணும் என்கிற வரம்பு), ரெஜிஸ்டர் 2-ன் கீழ் நாலு பிட்ல இருக்கிற ஸ்பைக் நிராகரிப்பையும் (மின்னல் போல இல்லாத துடிப்பை ஒதுக்கும் அளவு) மாறிமாறி ஒவ்வொரு படி. கால் மணி நேரம் அமைதியா இருந்தா நிரலே ஒரு படி இறக்கட்டும். எடுத்தவுடனே எல்லாத்தையும் உச்சத்துக்கு ஏத்திட்டா தூரத்து மின்னல் எதுவும் பிடிபடாது.

ரெஜிஸ்டர் 2-ல பிட் 4, 5 மூலமா 15 நிமிடத்துக்குள் 1, 5, 9 அல்லது 16 மின்னல் சேர்ந்தால்தான் அறிவிக்கணும்னு சொல்லலாம். 5 வைங்க. மத்தியானப் பொய்கள் பெரும்பாலும் அடங்கிடும்.

ஐ2சி ஸ்கேனர்ல மாட்யூல் தெரியலைன்னு பலர் குழம்புவாங்க. இதன் முகவரி பெரும்பாலும் 3, பல ஸ்கேனர்கள் 8-லிருந்துதான் தேடும்.

வானொலிப்பெட்டி:

ரெஜிஸ்டரில் கைவைக்கும் முன் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்பது என் கட்சி. பேட்டரியில் ஓடும் மீடியம் வேவ் ரேடியோ ஒன்று போதும். முள்ளை 531 கிலோஹெர்ட்ஸ் பக்கம், நிலையம் எதுவும் இல்லாத கடைக்கோடிக்குத் தள்ளி, சத்தத்தைக் கூட்டி, உணரி இருக்கும் இடத்தில் வைத்துக் கேளுங்கள். பர்ர்ர் என்று தொடர்ந்து இரைந்தால் உணரிக்கும் அதே கதிதான். ரேடியோவோடு வீட்டைச் சுற்றினால் குற்றவாளி பத்து நிமிடத்தில் சிக்குவார்: மலிவு எல்இடி பல்பு, எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், மாடியில் சோலார் இன்வெர்ட்டர்.

மெயினை அணைத்துச் சோதிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். மெயின் போனதும் வீட்டு இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இரைச்சல் முன்பைவிட மோசமாகும். அதையும் அணையுங்கள். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது: நம் ஊரில் இடி தொடங்கியதும் கரண்ட் போவது வழக்கம், அதாவது உணரி தேவைப்படும் அந்த நேரத்தில்தான் இன்வெர்ட்டர் ஓடும். எனவே இன்வெர்ட்டர் ஓடும் நிலையிலும் டிஸ்டர்பர் எண்ணிக்கையைப் பார்த்து வையுங்கள். சோதனைக்குப் பவர் பேங்க் வேண்டாம், அதற்குள்ளும் வோல்டேஜை ஏற்றும் சுவிட்சிங் சுற்று இருக்கிறது.

இரைச்சல் மூலத்தை அகற்ற முடியாவிட்டால் மாட்யூலைத் திருப்பிப் பாருங்கள். காயிலின் அச்சு எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் காது மந்தம். அச்சு தரைக்கு இணையாகவே இருக்க வேண்டும், ஆனால் அதன் முனை இரைச்சலைப் பார்த்து இருக்கட்டும்.

நாமே கட்டலாமா என்று கேட்டீர்கள். அதே ரேடியோவின் இயர்போன் வெளியீட்டை ஒரு ஷாட்கி டயோடு வழியாக 0.1 மைக்ரோ ஃபாரட், 100 கிலோ ஓம் இணைக்குக் கொடுத்து ஈஎஸ்பி32-ன் ஏடிசி-யில் (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) படித்தால் மின்னல் 'கரகர' எண்ண முடியும். சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட்டை விழுங்கிவிடும், வேண்டாம். ரேடியோவின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு பெரிய துடிப்புகளை அமுக்கும் என்பதால் தூரம் கணிக்க இது உதவாது. ஆனால் இரண்டாவது சாட்சியாக அருமை. உணரியும் ரேடியோவும் ஒரே விநாடிக்குள் சொன்னால் மட்டும் மின்னல் என்று பதியுங்கள். ரேடியோவை ஈஎஸ்பி32-லிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, ஷீல்டு வயரில் இணைக்க வேண்டும். மின்னல் விழுந்த இடம் தெரிய வேண்டுமென்றால் தனி நிலையம் எதுவும் போதாது. பிளிட்சார்ட்டுங் போன்ற வலையமைப்புகள் பல நிலையங்களுக்குத் துடிப்பு வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் கணக்கிடுகின்றன.

கேஸ் லைட்டரை 'டிக்' அடித்து மின்னல் வருகிறதா என்று சோதிக்காதீர்கள். அதைப் பெரும்பாலும் டிஸ்டர்பர் என்றுதான் சொல்லும், அது சரியான பதிலும்கூட. நிஜ இடிமழையில் மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியோடும், ஒளிக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியோடும் ஒப்பிடுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்.

மழைமானி_திருச்சி:

அனைவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். உணரியை மட்டும் மாடி உச்சியில் குழாய் நட்டு வைத்து, 12 மீட்டர் நெட்வொர்க் கேபிளில் ஐ2சி-யைக் கீழே ஹாலுக்குக் கொண்டுவரலாமா?

ஆர்எஃப்_பிரியன்:

வேண்டாம். ஐ2சி பஸ்ஸுக்கு 400 பிகோ ஃபாரட்தான் எல்லை. அந்தக் கேபிள் மீட்டருக்குச் சுமார் 50, பன்னிரண்டு மீட்டரில் 600 ஆகிவிடும். பக்கத்தில் மின்னல் விழுந்தால் அந்த நீளக் கம்பியே வோல்டேஜைக் கீழே இறக்கிப் போர்டைப் பொசுக்கும். காயிலுக்கு உயரமும் தேவையில்லை, குழாய் நடுவது மின்னலுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது போல. மேல்மாடி அறையில், ஜன்னலோரம், கான்கிரீட் தூண் கம்பிகளுக்குத் தள்ளி வைத்து ரெஜிஸ்டர் 0-ல் 36 போடுங்கள். ஈஎஸ்பி32-உம் அங்கேயே அரை மீட்டர் தள்ளி இருக்கட்டும், ஹாலுக்கு வைஃபை போதும். இடி காதில் விழுந்துவிட்டால் உணரி என்ன சொன்னாலும் மாடிக்கு ஏறாதீர்கள்.

சாலிடர்சட்டி:

அரை மீட்டருக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப் (ஐ2சி கம்பிகளை 3.3 வோல்ட்டோட இணைக்கிற ரெசிஸ்டர்) சரியா இருக்கும். மாட்யூல்ல ஏற்கெனவே இருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்த்துட்டு, இல்லைன்னா மட்டும் போடுங்க.