ட்யூனிங்குக்கு முன்னாடி டர்போ வண்டியை பூஸ்ட் இல்லாம ஓட்டுறது: நீலகிரிக்காரங்க அனுபவம்

குன்னூர்:
டர்போ மாட்டியாச்சு, இன்ஜெக்டர் பெருசு போட்டாச்சு, ட்யூனிங் இன்னும் ஆகல. இந்த நிலைமையில பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கி அனுப்புற காத்தழுத்தம், வராம இருக்கணும்னு நிறைய பேர் முதல்ல கழட்டுறது ஆக்சுவேட்டருக்கு (வேஸ்ட்கேட்டை அசைக்கிற டப்பா) போற ரப்பர் ஓஸைத்தான். தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. அந்த ஓஸ்ல அழுத்தம் வந்தாத்தான் டயாஃப்ரம் ராடைத் தள்ளி வேஸ்ட்கேட்டை, அதாவது புகையை டர்போ வீல் பக்கம் விடாம வெளியே தள்ளுற கதவை, திறக்கும். ஓஸ் இல்லைன்னா கேட் மூடியே கிடக்கும், பூஸ்ட் கட்டுப்பாடில்லாம ஏறும்.

ராடு முனையில இருக்கிற கிளிப்பை எடுத்துட்டு, வேஸ்ட்கேட் லிவரை முழுசா திறந்த பக்கம் தள்ளி ஸ்டெயின்லெஸ் கம்பியால இறுக்கிக் கட்டணும். சும்மா விட்டா ஃப்ளாப் தடதடன்னு அடிச்சு புஷ் தேஞ்சுடும். பிளாஸ்டிக் டை அந்தச் சூட்டுல உருகிடும். ராடோட மரையை மட்டும் திருப்பாதீங்க, அப்புறம் பழைய செட்டிங் கிடைக்காது.

கேட் முழுசா திறந்திருந்தாலும் சின்ன டர்போவுல மேல் ஆர்பிஎம்ல கொஞ்சம் பூஸ்ட் வரத்தான் செய்யும். அதனால ஈசியூவுல (இன்ஜின் கம்ப்யூட்டர்) பூஸ்ட் கட் வெளிக்காத்தழுத்தமும் சேர்த்து 105 கிலோபாஸ்கல், ரெவ் லிமிட் 4000 ஆர்பிஎம்னு வெச்சுடுங்க.

கோத்தகிரி:
டர்போ புதுசுன்னா அதோட ஆயில் ஓட்டை வழியா எண்ணெய் ஊத்தி, டர்போ உள்ள இருக்கிற சின்ன வீலைக் கையால சுத்துங்க. அப்புறம் இன்ஜெக்டர் ஃப்யூஸைப் பிடுங்கிட்டு, ஆயில் லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க. பூஸ்ட் இல்லைன்னாலும் டர்போ ஷாஃப்ட் சுத்திக்கிட்டேதான் இருக்கும், எண்ணெய் கண்டிப்பா வேணும்.

ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிற வண்டியில, பூஸ்ட் வராதுன்னு நினைச்சு இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர வைக்கிறது) பைப்பைக் கழட்டி ஓட்டாதீங்க. சென்சார் அளந்த காத்து வெளியே போயிடும், ஈசியூ அதுக்கும் சேர்த்து பெட்ரோல் ஊத்தும். டிப்ஸ்டிக்ல பெட்ரோல் வாடை அடிச்சா, லெவல் ஏறியிருந்தா, உடனே ஆயிலை மாத்துங்க. பெட்ரோல் கலந்த எண்ணெய் பேரிங்கை அரிச்சுடும்.

ஊட்டி:
குன்னூர் அண்ணா சொன்ன 105 சரிதான். ஆனா நம்ம உயரத்துக்கு ஒரு விஷயம் முக்கியம். ஊட்டி சுமார் 2240 மீட்டர். இங்கே ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாலும், இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார் 77 கிலோபாஸ்கல் பக்கம்தான் காட்டும். அது சென்சார் கோளாறு இல்ல, வெளிக்காத்தே அவ்வளவுதான். இங்கே ஓட்டி எவ்வளவு திருத்தினாலும் ஈசியூவோட பெட்ரோல் அட்டவணையில 77-க்கு மேல இருக்கிற கட்டங்களைத் தொட்டிருக்கவே மாட்டீங்க. அதே வண்டி மேட்டுப்பாளையம் இறங்கினா 97 வரைக்கும் போகும். சிலிண்டர் நிறைய நிரம்பும், இங்கே கேக்காத நாக்கிங் (கலவை தப்பா வெடிக்கிற டக் டக் சத்தம்) அங்கே கேக்கும். கீழே இறங்கினதும் 80-ஐத் தாண்டுற மாதிரி மிதிக்காதீங்க. குன்னூர்-மேட்டுப்பாளையம் ரோட்டுல பர்லியார் தாண்டினதுமே கண்ணு கேஜ்ல இருக்கட்டும்.

வைட்பேண்டை (புகையை வெச்சு காத்து-பெட்ரோல் கலவையைக் காட்டுற மீட்டர்) லாம்ப்டாவுல வெச்சுப் பாருங்க; 1.0-ன்னா கலவை சரி, அதுக்குக் கீழேன்னா பெட்ரோல் அதிகம். இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கிற கணக்கு பொருந்தாது. சமதளத்துல 1.0, முழு மிதியில 0.86 பக்கம். 0.75-க்குக் கீழே போனா சிலிண்டர் சுவர்ல இருக்கிற எண்ணெயைப் பெட்ரோல் கழுவிடும்.

குன்னூர்:
ஊட்டி-மசினகுடி ரோட்டுல கல்லட்டியோட 36 வளைவையும் இந்த நிலைமையில ஏத்தாதீங்க. கம்ப்ரஷன் குறைஞ்ச இன்ஜின், பூஸ்டும் இல்லைன்னா இழுக்காது. மூணாவது கியர்ல மிதிச்சே சூடேத்திடுவோம். ட்யூனிங்குக்குக் கம்பியை அவுத்ததும் ஆக்சுவேட்டருக்குக் கைப்பம்புல காத்தடிச்சு ராடு எந்த அழுத்தத்துல அசையுதுன்னு பாருங்க. ஓஸ் மாட்டி ரெண்டு முனையிலயும் கிளிப் போட்ட பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்.